கால்களை இழந்தவர், கைகளைத் தந்தவர்

பாலாறு வேலூரைக் கடந்து, ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணலாகவே நீண்டு வந்து, காஞ்சி நகருக்குத் தெற்கே நம் ஓரிக்கையைத் தொடுகிறது. திருமால் ஓர் இரவு தங்கியதால் ஓரிரவிருக்கை எனப் பெயர் பெற்று, அது ஓரிக்கை என மருவியது என்று தலபுராணம் சொல்லும். புராணம் கிடக்கட்டும். பட்டுத்தறியின் ஓசை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். குழித்தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளியை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். குழிக்குள் தொங்கும் கால்கள் மிதியை மாற்றி மாற்றி அழுத்துகின்றன. கை நாடாவை எறிகிறது. அறுந்த இழையைக் கண் காண்பதற்கு முன்பே விரல் நுனி உணர்ந்துகொள்கிறது. கோர்வைச் சேலையானால் பக்கத்தில் இன்னொருவரும் அமர்ந்து கரைக்குரிய நாடாவை வாங்கி வாங்கித் தர, இருவர் கையும் ஒரே தாளத்தில் இயங்க வேண்டும்.

இத்தனையும் நடப்பதற்கு உடலுக்குள் மூன்று நிலையங்கள் விழித்திருக்க வேண்டும். மூளை ஆணையிடுகிறது. முதுகெலும்புக்குள் பாதுகாப்பாக ஓடும் தண்டுவடம் அந்த ஆணையைச் சுமந்து செல்கிறது. அங்கிருந்து கிளைக்கும் நரம்புகள் அதைத் தசையிடம் சேர்க்கின்றன. திரும்பும் வழியில் சூடு, வலி, தொடுகை ஆகிய செய்திகள் மேலேறி மூளைக்குச் செல்கின்றன. பக்கவாதமும் தலைக்காயமும் மூளைக்காய்ச்சலும் முதல் நிலையத்தைத் தாக்குகின்றன. மரத்திலிருந்து விழுவதும் வண்டி கவிழ்வதும் இரண்டாவதை முறிக்கின்றன. தொழுநோய் மூன்றாவதை அரிக்கிறது. தறி நிற்பதற்கு இந்த மூன்றில் ஒன்று பழுதானால் போதும்.

இந்த மூன்று வகை நோயாளிகளுக்கும் ஒரே கூரையின் கீழ் மறுவாழ்வு தேடித் தந்த ஒரு மருத்துவர், நம் பாலாற்றங்கரை ஊராகிய வேலூரில் வாழ்ந்து 1986ஆம் ஆண்டு மறைந்தார். அவரும் நரம்பு மண்டலம் முறிந்தவரே. அவர்தாம் டாக்டர் மேரி வர்கீஸ்.

மேரி 1925ஆம் ஆண்டு கொச்சியை அடுத்த வைப்பின் தீவிலுள்ள செறாயி என்னும் ஊரில், வசதியான சிரியன் கிறித்தவக் குடும்பமொன்றில் பிறந்தார். எர்ணாகுளத்தில் கல்லூரிப் படிப்பை முடித்து, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம் அது. மேரி சேர்ந்த காலத்தில்தான் அது பட்டப் படிப்புக் கல்லூரியாக உயர்ந்து வந்தது. பிரசவத்தின்போது பெண்கள் படும் துன்பத்தைத் தீர்ப்பதற்காகவே தோன்றிய மருத்துவமனையாதலால், மகப்பேறு மருத்துவத்திலும் பெண்கள் நோய் மருத்துவத்திலும் அதற்குத் தனிப்பெருமை இருந்தது. மேரியும் அத்துறையையே தம் துறையாகத் தேர்ந்துகொண்டார். பட்டம் பெற்று மருத்துவமனைப் பணியில் சேர்ந்தாயிற்று. எதிர்காலம் தெளிவாகத் தெரிந்தது.

1954 ஜனவரியில் இளம் மருத்துவர்கள் சிலர் ஒரு விடுமுறை நாளில் வண்டியில் உல்லாசப் பயணம் புறப்பட்டனர். வழியில் வண்டி கவிழ்ந்தது. மேரியின் முகத்தில் பலத்த காயம். அந்த வடு இறுதிவரை அவர் கன்னத்தில் இருந்தது. முகத்துக் காயத்தைவிடக் கொடியது வெளியே தெரியாதது. முதுகெலும்பு முறிந்து தண்டுவடம் சேதமுற்றிருந்தது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை.

இங்கே சற்று நின்று, தண்டுவடம் முறிந்தால் என்ன நேரும் என்பதைப் பார்த்துவிடுவோம். கையில் வெட்டுப்பட்டு ஒரு நரம்பு அறுந்தால், அதைத் தைத்துவிட்டால் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வீதம் அது மீண்டும் வளர்ந்து செல்லும். மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள இழைகளுக்கு இந்த வரம் இல்லை. அறுந்த இடத்தில் தழும்பு மூடிக்கொள்ளும். இழை தாண்டி வளராது. கழுத்தில் முறிந்தால் கை கால் நான்கும் போகும். மார்புக்கு நேரே முறிந்தால் கைகள் தப்பும், கால்கள் போகும். நடக்க முடியாமற் போவதை எல்லோரும் காண்கின்றனர். காணாதது வேறொன்று. சிறுநீரும் மலமும் தன்வசம் இருப்பதில்லை. உணர்ச்சியற்ற தோல் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் இரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும். அதுதான் படுக்கைப்புண். நாம் உறங்கும்போதுகூட நம்மையறியாமல் புரண்டு படுக்கிறோம். அழுத்தத்தின் உறுத்தல்தான் நம்மைப் புரள வைக்கிறது. தண்டுவடம் முறிந்தவருக்கு அந்த உறுத்தல் எட்டுவதில்லை.

பண்டைய எகிப்திய மருத்துவச் சுவடி ஒன்று இக்காயத்தைச் சரியாக விவரித்துவிட்டு, மருத்துவம் செய்யத் தகாத நோய்களின் வரிசையில் வைத்துவிட்டது. முதல் உலகப் போர் வரையில் நிலைமை ஏறக்குறைய அப்படியே இருந்தது. தண்டுவடம் முறிந்த போர்வீரர்களில் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீரக நோயாலும் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ இறந்தனர். நாசிகளின் கொடுமைக்குத் தப்பி இங்கிலாந்துக்கு வந்த லுட்விக் குட்மன் என்ற நரம்பியல் மருத்துவர், 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் ஒரு பிரிவைத் தொடங்கி, இரண்டு மணிக்கொருமுறை நோயாளியைப் புரட்டிவிடும் எளிய முறையை இரவு பகல் பாராமல் கடைப்பிடிக்கச் செய்தார். பெரிய கருவி இல்லாமல், புரட்டுவதாலும் சிறுநீர்ப்பையைத் தூய்மையாகக் காப்பதாலும் அந்த நோயாளிகள் பிழைத்தனர். அவர்களுக்காக 1948இல் அவர் நடத்திய விளையாட்டுப் போட்டியே பின்னாளில் பாராலிம்பிக்காக வளர்ந்தது.

மேரி விபத்துக்குள்ளானபோது குட்மன் வழி தொடங்கிப் பத்தாண்டுதான் ஆகியிருந்தது. நம் நாட்டில் தண்டுவடம் முறிந்தவருக்கென்று ஓரிடம் கிடையாது. ஆயினும் வேலூரில் இருந்தது அவருடைய நல்வாய்ப்பு எனலாம். அங்கே டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இலேயே நரம்பியல், நரம்பு அறுவை மருத்துவத் துறையைத் தொடங்கியிருந்தார். உயிர் காப்பாற்றப்பட்டது. ஆனால் மருத்துவராக வேண்டிய ஒருவர் மருத்துவமனைப் படுக்கையில் நோயாளியாக மாதக்கணக்கில் கிடந்தார். பிரசவம் பார்ப்பவர் மேசைக்கு முன் நின்றாக வேண்டும். அந்தத் துறை இனி இல்லை.

அவ்வேளையில் அவருக்கு ஒரு வழி காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். இவர் கதை தனியே ஒரு கட்டுரைக்கு ஆகும். 1914இல் நம் கொல்லிமலையில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தவர். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் பயின்று 1946இல் வேலூர் வந்தார். மறு ஆண்டு, செங்கல்பட்டை அடுத்த திருமணியில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் நடத்திவந்த தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்றார். அங்கே விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பற்றிப் பார்த்தபோது, அக்கை அவர் கையை வலிக்கும்படி இறுக்கியது. செத்துப்போன கை என்று எல்லோரும் கருதிய கைக்குள் வலிமை மிக்க தசை இருக்கிறதே என்று அவர் திகைத்தார். நம் காஞ்சிக்கு அடுத்த ஊரில், பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில் நடந்தது இது. அதன் பயனை உலகமே பெற்றது.

தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டு ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். அது உடலின் குளிர்ந்த பகுதிகளை விரும்புவது. ஆகவே தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளைத் தேடிப் பற்றுகிறது. முழங்கையின் உட்புறம் இடித்துக்கொண்டால் சுண்டு விரல்வரை சுரீர் என்று ஏறுமே, அந்த நரம்பு அதற்கு மிகவும் உகந்தது. நரம்பு வீங்கி, இறுகிய உறைக்குள் நெரிந்து, தழும்பாகிவிடுகிறது. உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கின்றன. முன்கையின் பெருந்தசைகளோ பழுதின்றி இருக்கின்றன. இந்த ஏற்றத்தாழ்வால் விரல்கள் கொக்கிபோல் மடங்குகின்றன. நல்ல தசையொன்றின் நாணை அதன் பழைய இடத்திலிருந்து பிரித்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யும்படி விரலில் இணைத்தால் கை மறுபடி விரியும். 1948 முதல் பிராண்ட் இந்த அறுவையைத் தொழுநோயாளிகளுக்குச் செய்யத் தொடங்கினார்.

விரல்கள் அழுகி உதிர்கின்றன என்று மக்கள் நம்பினரே, அதையும் அவர் ஆராய்ந்தார். கிருமி சதையைத் தின்பதில்லை. உணர்ச்சியற்ற கை சுடுபாத்திரத்தைப் பற்றுகிறது. துருப்பிடித்த பூட்டைத் திறக்கச் சாவியைத் திருகி எலும்புவரை அறுத்துக்கொள்கிறது. இரவில் எலி விரலைக் கடித்தும் விழிக்காமல் உறங்கியவர்கள் உண்டு. அவர்களுக்குப் பூனை வளர்ப்பதே மருந்தாயிற்று. வலி என்னும் காவற்காரன் போனபின் வீடு கொள்ளை போகிறது.

கை அறுவையில் மருத்துவர் அமர்ந்தே வேலை செய்வது வழக்கம். நோயாளியின் கை ஒரு சிறு மேசையில் நீட்டிக் கிடக்கும். அதற்குப் பக்கத்தில் இருக்கை போட்டு அமர்ந்து, மணிக்கணக்கில் நுண்ணிய வேலை செய்ய வேண்டும். கால்கள் தேவையில்லை. பிராண்ட் இதை எண்ணியே மேரியைத் தம் துறைக்கு அழைத்தார். சக்கர நாற்காலியில் அறுவை அரங்குக்குச் சென்ற மேரி முதலில் உதவியாளராக இருந்தார். பின்னர் தாமே கத்தியை எடுத்தார். கால்களில் உணர்ச்சியில்லாத மருத்துவர், கைகளில் உணர்ச்சியில்லாத நோயாளிகளுக்கு விரல்களை மீட்டுத் தந்தார். ஊரார் ஒதுக்கிய அந்த நோயாளிகள், தங்களுக்கு நேர்ந்ததைப் போலவே ஏதோ ஒன்று இந்த அம்மாவுக்கும் நேர்ந்திருக்கிறது என்று கண்டு அவரிடம் மனம்விட்டுப் பேசினர். இது மருத்துவப் பட்டம் தராத தகுதி.

இந்த அறுவையில் நான் வியந்து நின்ற இடம் ஒன்று உண்டு. நாணை மாற்றித் தைப்பதோடு வேலை முடிவதில்லை. மாவுக்கட்டைப் பிரித்தபின் நோயாளி தம் கையைப் புதிதாகக் கற்க வேண்டும். மோதிர விரலை மடக்குவதற்கென்று மூளை பல்லாண்டுகளாக ஆணையிட்டுப் பழகிய தசை இப்போது வேறு வேலையைச் செய்கிறது. பழைய ஆணையைக் கொடுத்தால் புதிய அசைவு நிகழ்கிறது. நாள்தோறும் பயிற்சி செய்யச் செய்ய, மூளை தன் கணக்கை மாற்றி எழுதிக்கொள்கிறது. பக்கவாதத்திலும் நிகழ்வது இதற்கு உறவானதே. மூளையின் ஒரு பகுதிக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ அப்பகுதி இறந்துபோகிறது. இழைகள் குறுக்கே கடந்து செல்வதால் இடப்பக்க மூளை பழுதானால் வலக்கையும் வலக்காலும் விழும். பெரும்பாலோருக்குப் பேச்சும் இடப்பக்கத்தில் இருப்பதால் அதுவும் குழறும். இறந்த அணுக்கள் மீள்வதில்லை. ஆனால் அண்டையிலுள்ள பகுதிகள் கொஞ்சம் கொஞ்சமாக அவ்வேலையை ஏற்கும், தொடர்ந்து பழக்கினால். நம் ஊர்களில் பக்கவாதம் வந்தவரை மூலையில் படுக்க வைத்து, புறா இரத்தத்தைத் தடவி, வாயில் கஞ்சி ஊற்றி, அசையவிடாமல் அன்பு காட்டுகிறோம். அந்த அன்புதான் அவரை நிரந்தரமாகப் படுக்க வைக்கிறது. அடைப்பைக் கரைக்கும் மருந்தை முதல் நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்கலாம் என்ற நிலை வந்துவிட்ட இன்றும், புறாவைத் தேடி ஓடுவோரைக் காண்கிறோம்.

மேரியின் கதைக்கு வருவோம். தமக்கு வேண்டிய மருத்துவத்தைத் தேடி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்றார். அங்கே தம்மைப் போன்ற நோயாளிகள் படுக்கையிலிருந்து நாற்காலிக்குத் தாமே மாறுவதையும், வேலைக்குப் போவதையும், விளையாடுவதையும் கண்டார். நோயாளியாகச் சென்றவர் மாணவியாகவும் திரும்பினார். வேலூரில் தாம் செய்யும் கை அறுவை நல்ல பணிதான்; ஆனால் கை, கால், மூளை எது பழுதானாலும் மனிதனை முழுமையாக எடுத்து நிறுத்தும் ஒரு துறை நாட்டுக்குத் தேவை என்ற எண்ணம் அவருக்கு வலுப்பெற்றது. அதன்பின் அமெரிக்கா சென்று, நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்டு ரஸ்கின் நிறுவனத்தில் அத்துறையை முறையாகப் பயின்றார். போரில் முடமான வீரர்களுக்குச் செய்த பணியிலிருந்து மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தெடுத்தவர் ரஸ்க். குளிர் மிகுந்த நாட்டில், தனியே, சக்கர நாற்காலியில் ஓர் இந்தியப் பெண் பயின்ற அந்தக் காலத்தை அமெரிக்க எழுத்தாளர் டாரதி கிளார்க் வில்சன் 1963இல் எழுதிய வாழ்க்கை வரலாறு ஆங்கில வாசகர்களிடம் கொண்டு சேர்த்தது.

நாடு திரும்பிய மேரி, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைமையை ஏற்றார். வெளிநோயாளியாக வந்து பயிற்சி பெற்றுப் போவது தண்டுவடம் முறிந்தவருக்கு இயலாத காரியம். மாதக்கணக்கில் தங்கிக் கற்க ஓரிடம் வேண்டும். 1966இல் வேலூருக்கு அருகே பாகாயத்தில் அந்த மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நம் நாட்டில் இவ்வகை நோயாளிகள் தங்கி மறுவாழ்வு பெறுவதற்கென எழுந்த முதல் நிலையம் அது. 1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

அங்கே வந்தவர்கள் யார்? மேலைநாடுகளில் தண்டுவடக் காயத்துக்குக் கார் விபத்தே முதற்காரணம். நம் பக்கத்தில் தென்னை, பனை, புளிய மரங்களிலிருந்து விழுந்தவர்கள் ஏராளம். கிணற்றில் விழுந்தவர்கள், தலைச்சுமையோடு சறுக்கியவர்கள், கட்டடச் சாரத்திலிருந்து வீழ்ந்த கூலியாட்கள் எனப் பட்டியல் நீளும். பெரும்பாலோர் இளைஞர்கள்; குடும்பத்துக்குச் சோறு போடுபவர்கள். காய்ச்சலால் வந்தவர்களும் உண்டு. இளம்பிள்ளை வாதக் கிருமி தண்டுவடத்தின் முன்பக்க அணுக்களைத் தாக்கித் தசையை வற்றச் செய்யும், உணர்ச்சியை விட்டுவிடும். இந்தியாவின் கடைசி நோயாளி 2011இல் பதிவான பிறகு அந்நோய் இங்கே இல்லை என்பதை நினைத்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நம் நாட்டில் முதன்முதல் அறியப்பட்டதும் வேலூரை உள்ளடக்கிய அன்றைய வடஆர்க்காடு மாவட்டத்தில்தான், 1955இல். அந்தக் காய்ச்சலில் பிழைத்த குழந்தைகளில் பலருக்குக் கை கால் இறுகியோ அறிவு மங்கியோ போகும்.

இத்தகைய நோயாளி கற்க வேண்டிய பாடங்கள் கேட்பதற்குச் சாதாரணமானவை. நாற்காலியில் அமர்ந்திருக்கும்போது கால் மணிக்கொருமுறை கைகளை ஊன்றி உடலைத் தூக்க வேண்டும். தினமும் காலையும் மாலையும் கண்ணாடி வைத்துப் பின்புறத் தோலைப் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் அன்று அந்தப் பக்கம் உட்காரக் கூடாது. சிறுநீரை வேளை தவறாமல் வடிக்க வேண்டும். தொழுநோயாளிக்கும் அதே பாடம்தான், இடம்தான் வேறு: உள்ளங்கையையும் உள்ளங்காலையும் நாள்தோறும் பார்க்க வேண்டும், செருப்புக்குள் கல் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தே அணிய வேண்டும். நரம்பு செய்துவந்த காவலைக் கண் செய்கிறது. மேரி இந்தப் பாடத்தை நோயாளிகளுக்குச் சொன்னதோடு நிற்கவில்லை. விபத்து நேர்ந்த 1954 முதல் 1986 வரை, முப்பத்திரண்டு ஆண்டுகள், ஒவ்வொரு நாளும் தம் உடலுக்கு அதைச் செய்து வந்தார். அக்காலத்தில் தண்டுவடம் முறிந்த ஒருவர் நம் நாட்டில் அத்தனை ஆண்டுகள் வாழ்ந்து, பணியும் செய்தார் என்பதே அவர் முறைக்குச் சான்று.

வேலூரிலிருந்து ஊர் திரும்பிய பிறகு வருவது வேறொரு போராட்டம். நம் வீடுகளின் வாசற்படி, தரையில் அமர்ந்து உண்ணும் பழக்கம், குத்துக்காலிட்டு அமரும் கழிப்பிடம், மணல் தெரு எதுவும் சக்கர நாற்காலிக்கு ஏற்றதாக இல்லை. குழித்தறியில் மிதியை அழுத்தக் காலில்லாத நெசவாளி மறுபடி நெய்ய முடியாது; ஆனால் பட்டைச் சுற்றலாம், தார் போடலாம், வடிவம் வரையலாம், கணக்கு எழுதலாம். காலிருந்தும் விரல் நுனி மரத்தவருக்கு அறுந்த இழை தெரியாது; அவரால் மிதியை அழுத்த முடியும். எது போயிற்று என்று பார்ப்பதை விட்டு, எது எஞ்சியிருக்கிறது என்று கணக்கெடுத்து அங்கிருந்து தொழிலைத் தேடுவதே மேரியின் துறையில் அன்றாட வேலை. தொழில் கற்பிப்பவரும் உடற்பயிற்சி தருபவரும் செயற்கைக் கால் செய்பவரும் மருத்துவருக்குச் சமமாக அமர்ந்து ஒரு நோயாளியைப் பற்றி ஆலோசிப்பதும் அங்கே வழக்கம். நம் மருத்துவமனைகளில் இது அரிது.

மேரி வர்கீஸ் மறைந்தபின் பாகாயம் நிலையம் அவர் பெயரைத் தாங்கியது. நம் மாவட்டத்தில் மரமேறி விழுந்து முதுகு முறிந்தவரை உறவினர் மாட்டு வண்டியிலோ மோட்டார் சைக்கிளின் நடுவிலோ மடக்கி உட்கார வைத்துக் கொண்டுபோவதை இன்றும் காணலாம். எலும்பு முறிந்த அளவில் தப்பியிருக்கக்கூடிய தண்டுவடம் அந்தப் பயணத்திலேயே அறுந்துபோவதுண்டு. அப்படி ஒருவர் விழுந்து கிடப்பதைக் கண்டால், தூக்கி உட்கார வைக்க முயலாமல், தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி நான்கு பேர் சேர்ந்து ஒரு கதவுப் பலகையில் மெல்ல நகர்த்தி, அந்தப் பலகையோடு வண்டியில் ஏற்றுங்கள்.